புகைபோக்கித் தகடு

இந்தப் பொலிஸ் நிலையத்தில் நீங்கள் எழுதுவதற்குத் தந்த மேசையின் கால் ஒன்று கொஞ்சம் குட்டை. யாரோ அதன் கீழே கடதாசி மடித்து வைத்திருக்கிறார்கள். கடதாசி நசிந்துவிடும், ஒரு மாதத்தில் மேசை மறுபடி ஆடும். மற்ற மூன்று கால்களையும் அந்த அளவுக்கு அராவிவிட்டால் பிறகு ஆடாது. கால் மணித்தியால வேலை.

என் பெயர் பேரின்பநாதன். வயது ஐம்பத்தேழு. மொன்றியலுக்கு வந்து முப்பத்திரண்டு வருடமாகிறது. பழைய கட்டடங்களைத் திருத்தும் தச்சன். பிரெஞ்சு பேசுவேன். ஆனால் பிழையில்லாமல் சொல்ல வேண்டியதைத் தமிழில்தான் என்னால் சொல்ல முடியும். இதைப் பிரெஞ்சில் ஆக்கப்போகிற ஜொய்சி, கட்டட வேலைச் சொற்கள் தனக்குத் தெரியாது என்றார். அதனால் ஒவ்வொன்றாக விளக்கி எழுதுகிறேன். அது எனக்குப் பிடித்த வேலையும்கூட.

விதுர்சனும் அவர் மனைவி லக்சனாவும் எப்படி இறந்தார்கள் என்று கேட்கிறீர்கள். அதற்கு அவர்கள் வாங்கிய வீட்டை விளங்கிக்கொள்ள வேண்டும்.

மொன்றியலுக்குப் பக்கத்துத் தீவான இல்-பிசாரில் ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் அந்தச் சாம்பல் கல் வீட்டை, இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கமக்காரர் கிட்டத்தட்ட நூற்றுத்தொண்ணூறு வருடங்களுக்கு முன் கட்டினார். அவருக்குத் தெரிந்த வீடு ஒன்றே ஒன்றுதான், தன் ஊரில் தகப்பன் இருந்த வீடு. அதையே இங்கும் கட்டினார். நடுவில் நடை. ஒரு பக்கம் அடுப்படி, மறுபக்கம் இருக்கும் அறை. சுவர் இரண்டரை அடித் தடிப்பு. வடக்குப் பக்க யன்னல்கள் மட்டும் சிறியவை, ஏனென்றால் குளிர் அந்தப் பக்கமிருந்து வரும். கூரைக்கு வந்தபோது மட்டும் உள்ளூர்ப் பிரெஞ்சுத் தச்சர் ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார். அந்தத் தச்சர் கூரையைச் செங்குத்தாக உயர்த்தி, கீழ் விளிம்பை வெளிப்பக்கம் வளைத்துவிட்டார். பனி சறுக்கி விழும், உருகும் தண்ணீர் சுவரில் படாமல் தள்ளிப்போய் ஒழுகும். சுவர் இங்கிலாந்து, கூரை கியூபெக். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காத இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலை, ஒரு இடத்தில்கூட பிசகவில்லை.

அடுப்படியில் ஒரு கல் அடுப்பு இருக்கிறது. ஒரு ஆள் குனியாமல் உள்ளே நிற்கலாம். பக்கச் சுவரில் உள்ளங்கையளவு பொந்து ஒன்று. வீட்டைப் பார்க்க வருபவர்கள் எல்லாரும் அது எதற்கு என்று கேட்பார்கள். உப்பு வைக்க. நெருப்புக்குப் பக்கத்தில் இருந்தால் உப்பு கசியாது.

வீட்டுக்குப் பின்னால் களஞ்சியம். ஆங்கிலத்தில் பார்ன் என்பதைத்தான் நான் அப்படி எழுதுகிறேன். மாட்டுக்கொட்டில் என்று விதுர்சன் சொன்னது பிழை. அது கதிர் அடிக்கும் இடம். இரண்டு நீண்ட சுவர்களிலும் நேருக்கு நேர் இரண்டு பெரிய கதவுகள். இரண்டையும் திறந்தால் காற்று ஊடே ஓடும். நடுவில் பலகைத் தளம். அங்கே கதிரை அடித்து, காற்றில் தூற்றுவார்கள், பதர் மறு கதவால் பறந்துபோகும். தானியம் காலடியில் நிற்கும். அதாவது அந்தக் கட்டடம் ஒரு இயந்திரம். எண்ணெய் வேண்டாம், சத்தம் இல்லை. முகட்டுக்குக் கீழே சுவரில் ஒரு வட்ட ஓட்டை, ஆந்தை வந்து போக. எலியைப் பிடிக்க ஆந்தைக்கு வாசல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

களஞ்சியத்தின் மரச்சட்டத்தில் ஒரு இரும்பாணி இல்லை. ஒரு மரத்தில் நாக்கு, மற்றதில் பொந்து, குறுக்கே மர ஆணி. ஆணிக்கான இரண்டு துளைகளையும் தச்சர் நேராகத் துளைக்க மாட்டார். ஒரு நூல் விலக்கித் துளைப்பார். ஆணியை அடிக்க அடிக்க அது இரண்டு மரத்தையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கும். ஈரம் காய்ந்து மரம் சுருங்கினாலும் பொருத்து விடாது. இதை நான் முதன்முதலில் லொங்குய்யில் ஒரு பட்டறையில் கற்றபோது அன்று முழுவதும் வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

விதுர்சனுக்கும் இதையெல்லாம் சொன்னேன். அவர் டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் ஒரு சமையற்கூடம் நடத்தினார். முப்பத்தெட்டு வயது. வீட்டை வாங்கி, திருத்தும் வேலையை என்னிடம் தந்தார். பதினான்கு மாதம் அங்கே வேலை செய்தேன். நான் ஆந்தை வாசலைக் காட்டிய நாளிலிருந்து என்னை ஆந்தை அண்ணை என்றுதான் கூப்பிட்டார்.

"லக்சனா, ஆந்தை அண்ணை வந்திட்டார். இண்டைக்கு என்ன பாடம் எண்டு கேளும்."

அவர் என்னோடு மரியாதையாகத்தான் நடந்தார். அதை எழுதிக்கொள்ளுங்கள். டிசெம்பரில் என் சப்பாத்துக்குள் தண்ணீர் போவதைக் கண்டு, கேட்காமலே புதுச் சப்பாத்து வாங்கி வந்தார். ஒவ்வொரு நாளும் மதியம் தன் சமையற்கூடத்திலிருந்து எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். அலுமினியத் தட்டு. மூடியின் உட்புறம் வியர்த்திருக்கும். திறந்தால் குழம்பின் மேல் எண்ணெய் ஒரு தோலைப்போல மிதக்கும், விளிம்பில் அவருடைய பெருவிரல் அடையாளம். நான் நன்றி சொல்லி வாங்குவேன். அவர் கார் போனபின் மரங்களுக்குப் பின்னால் கொட்டுவேன். ரக்கூன்கள் வந்து தின்னும். அவை தின்னமுன் கைகளைத் தண்ணீரில் அலம்பும்.

எனக்கு அவரில் கோபம் இருந்ததா என்று மூன்று தரம் கேட்டீர்கள். இல்லை. அருவருப்பு வேறு, கோபம் வேறு. கோபம் ஆளோடு வருவது, ஆள் போனால் ஆறிவிடும். அருவருப்பு அப்படியில்லை. ஒருவர் வாயில் சோறு இருக்கும்போதே சிரிப்பதை ஒருமுறை பார்த்தால், பிறகு அவர் வாயை மூடிக்கொண்டு நின்றாலும் அந்தச் சோறு எனக்குத் தெரியும். என் மனைவி இதனால்தான் என்னை விட்டுப் போனார். "நான் தொட்ட கோப்பையை நீங்கள் துணியால் துடைத்துவிட்டுக் குடிக்கிறீர்கள்" என்றார். நான் துடைத்தது உண்மை.

யூலையில் களஞ்சியத்துக்குள் விருந்து வைத்தார்கள். விதுர்சனின் நண்பர்கள் நாற்பது ஐம்பது பேர். மறுநாள் நான் போனபோது தளப்பலகை முழுக்க ஒட்டியது. பியர், குழம்பு, மிதிபட்ட கேக். தூணில் திருகாணி ஏற்றி விளக்கு கட்டியிருந்தார்கள். நான்கு நாட்கள் கழித்து ஒரு நாற்றம் வந்தது. தேடிப் பார்த்தேன். இரண்டு மரம் சேரும் பொருத்தின் இடுக்கில், யாரோ தின்ற ஆட்டெலும்பைச் செருகிவைத்திருந்தார்கள். சுத்தியலால் அடித்து இறுக்கியும் இருந்தார்கள், விளையாட்டுக்கு. நூற்றுத்தொண்ணூறு வருடத்துக்கு முன் ஒரு மனிதன் உளியால் செதுக்கிய பொருத்து. அதற்குள் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. ஒவ்வொன்றாக ஊசியால் எடுத்தேன். அரை நாள் போனது. கையுறையை மூன்று தரம் மாற்றினேன்.

விதுர்சனிடம் சொன்னேன். அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைச் சிரிப்பால் மூடுகிற ஆள்.

"அண்ணை, இங்கிலீசுக்காரன்ர மாட்டுக்கொட்டில். அதுக்கு நீங்கள் ஏன் அழுறியள்? அவன் எங்கட கோயிலுக்கு அழுதவனே?"

"இது மாட்டுக்கொட்டில் இல்லை" என்றேன். மறுபடி விளக்கினேன்.

சனவரியில் அவர் தன் தொலைபேசியில் ஒரு படம் காட்டினார். இரும்புச் சட்டம், வெள்ளைத் தகரச் சுவர், உள்ளே நானூறு பேர் இருக்கக் கதிரைகள், மணவறை. களஞ்சியம் நின்ற இடத்தில் கலியாண மண்டபம். வீடுதான் பாதுகாக்கவேண்டிய கட்டடங்களின் பட்டியலில் இருந்தது, களஞ்சியம் இல்லை. இடிப்பதற்கு அனுமதி கிடைத்துவிட்டது என்றார். இடிக்கிற மெஷின் பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை வரும். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை வீடு குடிபுகுதல்.

"மரத்தை எறிய மாட்டன் அண்ணை, பயப்பிடாதேங்கோ. அந்தப் பெரிய வளைமரத்தை அறுத்து பாருக்கு கவுண்டர் செய்வம். நீங்கள்தான் செய்யோணும். முதல் கிளாஸ் உங்களுக்கு."

நான் குடிப்பதில்லை. அவருக்கு அது தெரியும்.

அன்றுதான் நான் முடிவெடுத்தேன். விதுர்சன் இல்லாவிட்டால் வீடு லக்சனாவுக்குப் போகும். லக்சனா கேட்கிறவர். பொருத்தின் துளையை ஏன் விலக்கித் துளைக்கிறார்கள் என்று நான் சொன்னபோது, ஒரு பென்சிலை வாங்கி வரைந்து பார்த்து, "அப்ப இறுக்கிறது ஆணியில்லை, மரம்தான்" என்று சொன்னவர். அந்த வீட்டுக்கு வந்தவர்களில் அதை விளங்கிக்கொண்டது அவர் ஒருவர்தான். அவரிடம் இருந்தால் களஞ்சியம் நிற்கும். அதுதான் என் கணக்கு. ஒரு மனிதர், ஒரு கட்டடம். மனிதர் எப்படியும் இன்னும் நாற்பது வருடம்தான் இருந்திருப்பார்.

இனி, எப்படி என்பது. இதில் நீங்கள் சில இடங்களைப் பிழையாக விளங்கியிருக்கிறீர்கள்.

எங்கள் ஆட்கள் புது வீட்டுக்குப் போகும்போது பால் காய்ச்சுவார்கள். பொங்கி வழிய வேண்டும். ஐயரைக் கூப்பிட்டு ஓமமும் வளர்ப்பார்கள். வீட்டுக்குள் விறகு, நெய், புகை. இந்த நாட்டு வீடுகளில் அப்போது அலாரம் கத்தும். ஒருமுறை கோட் டே நெய்ஜில் ஒரு மாடிவீட்டில் மந்திரத்தின் நடுவே பொம்பியேக்களின் தீயணைப்பு வண்டி வந்து நின்றது. அதனால் ஓமத்துக்கு முதல் அலாரத்தைக் கழற்றிவிடுவது எங்களுக்குள் ஒரு வழக்கமாகவே வந்துவிட்டது. சிலர் பொலித்தீன் பையால் கட்டுவார்கள். பந்தலுக்குச் சொல்வதுபோல, சமையலுக்குச் சொல்வதுபோல, அலாரத்துக்கும் ஒருவரிடம் சொல்லிவிடுவார்கள்.

விதுர்சன் என்னிடம் சொன்னார். "அண்ணை, நாலையும் கழட்டிவிடுங்கோ. பொம்பியே வந்தா ஐயரையும் சேர்த்து தண்ணி அடிச்சு அணைச்சுப்போடுவாங்கள்."

நாலு அலாரம். இரண்டு புகைக்கு. மற்ற இரண்டும் புகைக்கு அல்ல, தணல் விடும் நச்சு வாயுவுக்கு. அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. அதனால்தான் அதற்கென்று தனிக் கருவி செய்திருக்கிறார்கள். பார்த்தால் இரண்டு வகையும் ஒன்றுபோல வெள்ளை வட்டம். விதுர்சனுக்கு வித்தியாசம் தெரியாது. நான் நாலையும் கழற்றி ஒரு பையில் போட்டு என் வான் வண்டிக்குள் வைத்தேன். பின்னேரம் திருப்பிப் பூட்ட மறந்துவிட்டேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. கையில் எடுத்த எதையும் நான் மறப்பதில்லை.

அடுத்தது தகடு. அந்தப் பழைய அடுப்பின் புகைபோக்கி மிக அகலம். நெருப்பு இல்லாத நேரம் அதன் வழியாகக் குளிர் இறங்கும். அதனால் நவெம்பரில் நான் அதன் தொண்டையில் ஒரு இரும்புத் தகடு பொருத்தினேன். சங்கிலியை இழுத்தால் மூடும். நல்ல வேலை. அதைப் பொருத்தும்போது என் மனதில் ஒன்றும் இல்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு ஒரேயொரு விதிதான். சாம்பலுக்குள் கையை வைக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகுதான் மூட வேண்டும். தணல் இருக்கும்போது மூடினால் வாயு போக இடமில்லாமல் வீட்டுக்குள் வரும். விறகு எரியும்போது மூடினால் புகை வந்து எல்லாரும் இருமுவார்கள், யன்னலைத் திறப்பார்கள். தணலில் புகை இல்லை. யாருக்கும் ஒன்றும் தெரியாது. தலை பாரமாக இருக்கும், விரதமிருந்து ஓமப்புகையில் நின்ற களை என்று நினைத்துப் படுப்பார்கள்.

ஓமத்து நெருப்பைத் தண்ணீர் ஊற்றி அணைக்கக்கூடாது, வெளியே கொட்டவும் கூடாது. தானாகத்தான் ஆற வேண்டும். இதை லக்சனாவின் தாய் புஷ்பவதி அக்கா காலையிலேயே சொல்லிவிட்டார். ஓமம் முடிந்ததும் தணல் முழுவதையும் நான்தான் இரும்புத் தட்டில் அள்ளி, பால் காய்ச்சிய அந்தக் கல் அடுப்புக்குள் குவித்தேன். விருந்தாளிகள் போகிற நேரம் அதன்மேல் இன்னும் இரண்டு சட்டி கரியும் போட்டேன். வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்திரண்டு பாகை குளிர், இரவில் வீடு கதகதப்பாக இருக்கும் என்றேன். எல்லாரும் சந்தோசப்பட்டார்கள்.

குடிபுகுந்த அன்று வீடு பூட்டிக் கிடக்கக்கூடாது என்பது இன்னொரு வழக்கம். விதுர்சன் நிற்பதாக இருந்தது. லக்சனா பிள்ளைகளோடு லொங்குய்யில் தாய் வீட்டுக்குப் போவதாக இருந்தது. பிள்ளைகளை அனுப்பச் சொன்னது நான். அந்த அறைகளில் இன்னும் ஹீட்டர் சரியாக வேலை செய்யவில்லை, சின்னப் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும் என்றேன். ஹீட்டர் நன்றாக வேலை செய்தது. பிள்ளைகள் உயிரோடு இருப்பது என் யோசனையால்தான். சனிக்கிழமை பகல் தொலைபேசியை யாரும் எடுக்காததால் புஷ்பவதி அக்கா பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார் என்று சொன்னீர்கள். அதை நான் யோசிக்கவில்லை. ஒருவர் எல்லாவற்றையும் யோசிக்க முடியாது.

இவ்வளவும் நேற்றே சொல்லியிருக்கிறேன். களஞ்சியத்தைக் காப்பாற்றச் செய்தேன் என்றேன். நீங்கள் தலையாட்டி எழுதினீர்கள். இன்று காலை ஒரு கடதாசியைக் கொண்டுவந்து காட்டினீர்கள். விதுர்சன் வியாழக்கிழமையே மெஷின்காரருக்கு அனுப்பிய செய்தி. திங்கட்கிழமை வரவேண்டாம், இடிக்கவில்லை, மன்னிக்கவும். இது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன். நீங்கள் ஜொய்சியைப் பார்த்தீர்கள், ஜொய்சி நிலத்தைப் பார்த்தார். பிறகு எழுதித் தரச் சொன்னீர்கள்.

தெரியும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு விருந்தாளிகள் போய்விட்டார்கள். நான் களஞ்சியத்தில் நின்றேன். சாப்பிடப் போகவில்லை. லக்சனா பட்டுச் சேலைக்கு மேலே குளிர் அங்கியைப் போட்டுக்கொண்டு பனிக்குள்ளால் வந்தார். ஒரு கையில் கடதாசித் தட்டு. வடையும் பாயாசமும் சோறும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன.

"அண்ணை, விடிய துவக்கம் ஒண்டும் சாப்பிடேல்லை நீங்கள். ஒளிச்சு நிண்டா விடுவனெண்டு நினைச்சியளே?"

வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அவர் போகவில்லை. சிரித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு விசயம். அவர் சொல்ல வேண்டாமெண்டவர். ஆனா எனக்கு வாய் நிக்காது. திங்கட்கிழமை மெஷின் வராது, அண்ணை. இதை உடைக்கேல்லை. இதுக்குள்ளயே கலியாணம் வைக்கிறம், கதவு ரெண்டையும் திறந்துவிட்டு. நீங்கள் சொன்ன எல்லாத்தையும் நான் அவருக்கு ரெண்டு மாசமாச் சொல்லிச் சொல்லி. கடைசியில அவரே பென்சில் எடுத்து அந்த ஆணியைக் கீறிப் பாத்தவர்."

நான் திரும்பி அந்த இரண்டு கதவுகளையும் பார்த்தேன்.

"திங்கட்கிழமை நீங்கள் அழுதுகொண்டு வருவியளாம், மெஷினைக் காணேல்லை எண்டு முழிப்பியளாம். அந்த முகத்தைப் படம் எடுக்கோணும் எண்டு நிக்கிறார். நான் சொன்னதெண்டு காட்டிக்குடுத்திடாதேங்கோ."

அப்படிச் சொல்லும்போது அவர் சப்பாத்திலிருந்த பனியைத் தட்டுவதற்காக நடுத்தூணைப் பிடித்துக்கொண்டார். தச்சர் பொருத்துகளுக்கு உளியால் இலக்கம் போட்டிருக்கும் தூண் அது. நிலத்தில் வைத்துப் பொருத்திப் பார்த்து, இலக்கம் போட்டு, கழற்றி, பிறகு நிமிர்த்துவார்கள். நான் அந்த இலக்கங்களை வெறும் பஞ்சால்தான் துடைப்பேன், கை படவிடுவதில்லை. லக்சனா காலையிலிருந்து வடை சுட்டு, சந்தனம் குழைத்து, எல்லாருக்கும் பரிமாறிய கை. எடுத்தபோது ஐந்து விரலும் உள்ளங்கையும் மரத்தில் மஞ்சளாக மினுங்கின. நடுவே ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அவர் அதைக் காணவில்லை.

இரண்டு கதவுகளையும் திறந்துவிட்டு, நானூறு பேர். எண்ணூறு கைகள்.

"அண்ணை, நானும் இஞ்ச நிக்கிறன் இண்டைக்கு. முதல் நாள் ரெண்டுபேரும் நிண்டாத்தான் நல்லதாம், அம்மா சொன்னவ. பிள்ளையளை அவ கூட்டிக்கொண்டு போறா." பிறகு வாசலில் நின்று திரும்பிக் கேட்டார். "அடுப்படியில அந்தச் சங்கிலியை எப்ப இழுக்கிறது? தணல் முழுக்க ஆறின பிறகுதானே?"

நல்ல கேள்வி. சரியான கேள்வி. அவர் கேட்கிற எல்லாக் கேள்வியும் அப்படித்தான்.

"இல்லைத் தங்கச்சி" என்றேன். "புகை நிண்டவுடனை இழுத்துவிடலாம். புகை இல்லையெண்டா ஆபத்து இல்லை. ஆறுமட்டும் பாத்துக்கொண்டிருந்தா சூடெல்லாம் மேலால போயிடும். மூடினாத்தான் கல் சூட்டைப் பிடிச்சு வைக்கும், விடியுமட்டும் குளிராது."

ஏன் என்று கேட்டார். சூடான காற்று எப்படி மேலெழும், கல் எப்படிச் சூட்டை மெதுவாக விடும் என்று நின்று விளக்கினேன். கல்லைப் பற்றிச் சொன்னது அவ்வளவும் உண்மை. அவர் தலையாட்டினார். "விளங்குது, அண்ணை. நானே இழுக்கிறன், அவர் மறந்துபோவார்" என்றார்.

கழற்றிய அலாரங்கள் என் வானுக்குள் இருந்தன. வான் அவர் பக்கத்தில்தான் நின்றது.

இவ்வளவுதான். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு வேண்டுகோள். நடுத்தூணில் அந்தக் கை அடையாளம் இன்னும் இருக்கிறது. உங்கள் ஆட்கள் அதைப் படம் எடுத்து முடித்திருந்தால், யாரையாவது அனுப்பிச் சுண்ணாம்புத் தூளை அப்பிவிடச் சொல்லுங்கள். இரண்டு நாள் விட்டு மெதுவாகத் தட்டினால் எண்ணெயோடு சேர்ந்து வந்துவிடும். தேய்க்க வேண்டாம், தேய்த்தால் உள்ளே இறங்கும்.